ஒன்றுபோல் தெரியும் வெள்ளைகளில் உங்கள் வீட்டுக்கு எது? படிப்படியான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில் வீடுகளுக்குச் சாயம் அடிப்பது என் தம்பியும் அவன் ஆட்களும் செய்யும் தொழில். நிறம் பார்த்துச் சொல்வது என் பங்கு. அதில் மிக அதிக நேரம் பிடிப்பது வெள்ளைதான். நீலம் சற்றுப் பிசகினாலும் நீலமாகவே இருக்கும். வெள்ளை பிசகினால் ஒரு வீட்டில் மஞ்சளாகிவிடும், இன்னொரு வீட்டில் ரோஸாகிவிடும், மற்றொன்றில் ஆஸ்பத்திரிச் சுவர்போல் ஆகிவிடும்.

புதிதாக வீடு வாங்கியவர்கள் பெரும்பாலும் கடையில் நிற அட்டையை விரித்துத்தான் தொடங்குகிறார்கள். அதில் நாற்பது வெள்ளை இருக்கும். பத்து நிமிடத்தில் கண் களைத்துவிடும், பெயர் அழகாக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நிற அட்டை நான்காவது படியில்தான் வரவேண்டும். அதற்கு முந்திய மூன்று படிகளும் வீட்டுக்குள்ளேயே முடிகிற வேலை. அவற்றை முடித்துவிட்டுக் கடைக்குப் போனால் நாற்பதில் முப்பது தானாகவே விழுந்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில். போனில் திசைகாட்டி. மிச்சமான தரை டைல் ஒரு துண்டு, இல்லையென்றால் கேபினெட் கதவு ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். பெரிய மணிலா அட்டை நான்கைந்து, நாலு அங்குல ரோலர், மாஸ்கிங் டேப். ஒரு வெள்ளை ஏ4 தாள்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு வாரக் கால அவகாசம். தீபாவளி நெருங்கும்போது சாயம் அடிக்க ஆள் கிடைப்பதே பாடு. அந்த அவசரத்தில் நிறத்தையும் சேர்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மாதம் முன்பே நிறத்தை முடித்துவைத்துவிட்டால், ஆள் வந்த அன்று வேலை தொடங்கலாம்.

1. மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதுங்கள்

தரை, சமையலறைக் கேபினெட், சன்னல்களின் அலுமினியச் சட்டம், பெரிய சோபா, தொங்கிக்கொண்டிருக்கும் திரைச்சீலை. இவற்றில் எவை இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருக்கப்போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் வெள்ளை தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் கண் அதை அளக்கிறது.

தரைதான் எல்லாவற்றிலும் பெரியது. ஏ4 தாளை டைல் மேல் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தபோது வெள்ளையாக இருந்த டைல், தாளுக்குப் பக்கத்தில் கிரீமாகவோ சாம்பலாகவோ ரோஸாகவோ மாறும். அந்தச் சொல்லை நோட்டில் எழுதுங்கள்.

குளுகோரில் ஓர் அத்தை வீட்டில் தரை கிரீம் டைல். அவர் பிடிவாதமாக நீலம் கலந்த பளீர் வெள்ளையை அடிக்கச் சொன்னார். சாயம் காய்ந்ததும் டைல் அழுக்கேறியதுபோல் தெரிந்தது. மூன்று நாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார், பாவம். டைலில் அழுக்கே இல்லை. சுவரை மிதமான வெள்ளைக்கு மாற்றியதும் தரை பழையபடி சுத்தமாகத் தெரிந்தது. கிரீம் தரைக்குச் சற்றே சூடான, அதாவது மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை, சாம்பல் தரைக்குச் சாம்பல் சாயல் உள்ள வெள்ளை என்று தொடங்கினால் பெரும்பாலும் தவறாது.

பழைய வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரையோ செங்கல் நிற ஓடோ இருக்கும். வெயில் அதன் மேல் விழுந்தால் சுவரின் கீழ்ப்பாதி முழுக்க இளஞ்சிவப்பு ஏறும். அங்கே ரோஸ் சாயல் உள்ள வெள்ளையைத் தொடவே தொடாதீர்கள். தரையே அதைக் கொடுத்துவிடும்.

2. விளக்கைச் சாயத்துக்கு முன்பே மாட்டுங்கள்

வேலைக்குப் போகிற குடும்பம் ஹாலில் உட்காருவது பெரும்பாலும் இரவு ஏழு மணிக்குப் பிறகுதான். அப்போது சுவரில் விழுவது விளக்கின் ஒளி. ஆனாலும் எல்லாரும் சாயத்தை அடித்துவிட்டு விளக்கைப் பிறகு வாங்குகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

எல்.இ.டி. விளக்குப் பெட்டியின் மேல் கெல்வின் எண் இருக்கும், அது ஒளியின் நிறத்தைச் சொல்வது. 3000 என்றால் மஞ்சள் கலந்த ஒளி, 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த பகல் வெளிச்சம். நம் வீடுகளில் டியூப் லைட் பழக்கத்தால் 6500 அதிகம். அந்த ஒளியில் குளிர்ந்த, அதாவது நீலச் சாயல் உள்ள வெள்ளை இன்னும் குளிர்ந்துபோகும், சாம்பல் சாயல் உள்ளது ஈயம்போல் மங்கும். 3000 விளக்கில் கிரீம் சாயல் உள்ள வெள்ளை வெண்ணெய் நிறமாகிவிடும்.

ஒரே அறையில் சிலிங்கில் மஞ்சள் டவுன்லைட்டும் சுவரில் 6500 டியூப்பும் இருந்தால், ஒரே சாயம் இரண்டு நிறமாகத் தெரியும். எந்த வெள்ளையும் அதைச் சரிசெய்யாது. ஓர் அறைக்கு ஒரே எண் என்று முடிவு செய்யுங்கள். ஹாலுக்கு 4000 என்று நான் சொல்வேன். பகலுக்கும் இரவுக்கும் நிறம் மிக அதிகம் தாவாமல் இருக்கும்.

பெட்டியில் ‘ஆர்.ஏ.’ என்ற இன்னோர் எண்ணும் இருக்கும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. சாதாரண விளக்குகளில் 80 இருக்கும். 90-க்கு மேல் கிடைத்தால் ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அதை வாங்குங்கள்.

3. சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

இணையத்தில் வரும் ஆங்கில வீடியோக்கள் ‘வடக்கு அறை குளிர்ந்த ஒளி, தெற்கு அறை சூடான ஒளி’ என்று சொல்லும். அது பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருக்கும் நாடுகளுக்குப் பொருந்தும். பினாங்கு வடக்கே ஐந்தரை பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் தொடக்கத்தில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது, பிறகு வடக்கே சாய்கிறது. செப்டம்பர் முற்பகுதியில் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே போகிறது. அதனால் வடக்குச் சன்னலுக்கும் தெற்குச் சன்னலுக்கும் வருடத்தில் ஆளுக்குச் சில மாதம் வெயில் கிடைக்கிறது. அதுவும் உச்சியிலிருந்து வருவதால் கூரை நீட்டலே பாதியை மறைத்துவிடும்.

இங்கே பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும்தான். கிழக்குச் சன்னலில் காலையில் மட்டும் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு நிழல். மேற்குச் சன்னலில் நாலு மணி முதல் ஏழு மணி வரை ஆரஞ்சு வெயில் சுவரையே எரிக்கும். மேற்கு அறையில் கிரீம் வெள்ளை அடித்தால் மாலையில் அது முழு மஞ்சள். அங்கே மஞ்சள் இல்லாத, நடுநிலையான வெள்ளையைத் தேடுங்கள்.

சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஆயர் ஈத்தாம் பக்கம் குன்றை ஒட்டிய அடுக்குமாடிகளில் சன்னல் நிறைய மரம். உள்ளே வரும் ஒளியே பச்சையாக வரும். ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையைப் பார்த்த வீடுகளில் வானமும் கடலும் நீலத்தை உள்ளே தள்ளும். தொடர்வீடுகளில் கார் போர்ச்சின் கூரைதான் முன் ஹாலின் ஒளியைத் தீர்மானிக்கிறது. அது பச்சை நிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு என்றால் ஹால் முழுக்கப் பச்சை. கண்டோமினியம் அடுக்குமாடிகளில் நிறமேற்றிய கண்ணாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். சன்னலைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை ஏ4 தாளைப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தொடர்வீட்டின் நடுப்பகுதியில், மாடிப்படிக்குப் பக்கத்தில், பகலிலும் வெளிச்சம் இருக்காது. ‘இருட்டான இடத்துக்குப் பளீர் வெள்ளை’ என்று எல்லாரும் நினைப்பார்கள். திருப்பி அனுப்ப வெளிச்சமே இல்லாத இடத்தில் பளீர் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். அங்கே சற்றுச் சூடான வெள்ளை அடித்து ஒரு நல்ல விளக்கு போடுவது மேல்.

4. அடிநிறத்தைக் கண்டுபிடியுங்கள்

இப்போது நிற அட்டையை எடுக்கலாம். நிப்போன், டூலக்ஸ், ஜோத்துன், கான்சாய் என்று எந்தச் சாயக் கம்பெனியாக இருந்தாலும் சரி, நிறத்தின் பெயரைப் படிக்காதீர்கள். முத்து, மல்லிகை, பால் என்பதெல்லாம் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்குள் மறைந்திருக்கும் சாயல்தான் அடிநிறம். கடையில் வெள்ளையைக் கலக்கும் விதம் தெரிந்தால் அது புரியும். ‘பேஸ்’ எனப்படும், நிறம் சேர்க்காத வெள்ளைச் சாய டப்பாவுக்குள் இயந்திரம் சில துளி நிறமியைச் சொட்டும். மஞ்சள் ஆக்சைடு மட்டும் விழுந்தால் கிரீம். சிவப்பு ஆக்சைடு சேர்ந்தால் பீச், ரோஸ். கறுப்பு மட்டும் என்றால் சாம்பல், அது நீலமாகவும் தெரியலாம். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால்தான் ஆபத்து. அந்தக் கலவை பச்சையை நோக்கிப் போகும். அட்டையில் அழகான மணல் சாம்பலாகத் தெரியும் பல வெள்ளைகள் இந்தக் கலவைதான். ஆயர் ஈத்தாமில் அப்படி ஒன்றை அடித்துவிட்டு, ‘அக்கா, சுவர் பாசி பிடிச்ச மாதிரி இருக்கே’ என்று ஒரு தம்பி போன் செய்தார். மரத்திலிருந்து வந்த பச்சையும் சாயத்துக்குள் இருந்த பச்சையும் சேர்ந்துகொண்டன. வேறு வழியில்லாமல் மறுபடி அடித்தோம்.

அடிநிறத்தைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, வரிசையாக நிறங்கள் உள்ள அட்டையில் அதே வரிசையின் மிக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். மேலே உள்ள வெள்ளை பெரும்பாலும் அதன் மெலிந்த உருவம்தான். கீழே பச்சை இருந்தால் மேலேயும் இருக்கும். இரண்டு, வெள்ளைகளை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒன்றின் ரோஸும் மற்றதன் பச்சையும் வெளியே வந்துவிடும்.

ஏ4 தாளோடு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. அந்தத் தாளில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் இருக்கும், பகல் ஒளியில் அது நீலமாகப் பிரகாசிக்கும். அதனால் தாளுக்குப் பக்கத்தில் எல்லாச் சாயமும் மஞ்சளாகத்தான் தெரியும். எது எதைவிட மஞ்சள் என்று பார்க்க மட்டும் தாளைப் பயன்படுத்துங்கள், ‘இது ரொம்ப மஞ்சள்’ என்று ஒதுக்குவதற்கு அல்ல.

5. எல்.ஆர்.வி. எண்ணைப் பாருங்கள்

ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சொல்வார்கள், அதுதான் எல்.ஆர்.வி. வெள்ளைகள் பெரும்பாலும் 80-க்கு மேல். வெயில் கொட்டும் மேற்கு ஹாலுக்கு 80-ஐ ஒட்டி எடுத்தால் கண் கூசாது. இருட்டான அறைக்கு 85-க்கு மேல் போகலாம். ஒன்றிரண்டு எண் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தனித்தனிச் சுவரில் அது தெரியாது.

6. மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரி அட்டை செய்யுங்கள்

மூன்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்று உங்கள் முதல் விருப்பம், ஒன்று அதைவிடச் சற்றுச் சூடானது, ஒன்று சற்றுக் குளிர்ந்தது. அப்படி எடுத்தால் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரியும்.

சின்ன சாம்பிள் டப்பா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஒரு லிட்டர் வாங்க வேண்டியிருந்தால் வாங்கிவிடுங்கள். வீடு முழுக்க மறுபடி அடிக்கும் கூலியோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

சுவரில் நேரடியாகத் திட்டுத் திட்டாக அடிக்காதீர்கள். பழைய நிறம் சுற்றிலும் இருப்பதால் கண் ஏமாறும். பழைய சுவர் பீச் நிறம் என்றால் புது வெள்ளை நீலமாகத் தெரியும். போதாததற்கு அந்தத் திட்டின் ஓரம் பிறகு அடிக்கும் சாயத்துக்குள்ளும் மேடாகத் தெரியும். மணிலா அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அட்டையை வெறுமையாக விடுங்கள். ஒரு கோட் போதும் என்று விட்டுவிட்டால் அட்டையின் நிறம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பின்பக்கம் எண்ணை எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓர் அட்டையை நடுவில் மடித்து மூலையில் வைத்துப் பாருங்கள். இதை நான் எல்லாரிடமும் வலியுறுத்துவேன். அறையின் நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தைத் திருப்பி வீசும். ஒளி ஒவ்வொரு முறை மோதும்போதும் அடிநிறம் சற்றுக் கூடும். அதனால்தான் அட்டையில் ‘லேசான கிரீம்’ என்று எடுத்தது சுவரில் கெட்டியான கிரீமாக வந்து நிற்கிறது. மடித்த அட்டையின் உள்மூலையில் அந்தக் கூடிய நிறம் முன்கூட்டியே தெரியும். அங்கே பிடிக்கவில்லை என்றால் ஒரு படி வெளிறியதற்குப் போங்கள்.

7. நான்கு நேரம், மூன்று சுவர்

அட்டையைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். மேசையில் படுக்கவைத்தால் சிலிங் விளக்கு நேராக விழுந்து நிறம் வெளிறிவிடும். சன்னலுக்கு எதிர்ச்சுவர், சன்னல் இருக்கும் சுவர், இரண்டுக்கும் பக்கவாட்டுச் சுவர் ஆகிய மூன்றிலும் மாற்றி மாற்றி வையுங்கள். சன்னல் இருக்கும் சுவரில்தான் வெள்ளை எப்போதும் மிக இருட்டாகத் தெரியும்.

காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஐந்தரை, இரவு ஒன்பது. மழை மேகம் கட்டி நிற்கும் ஒரு பகலும் வேண்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் அது அடிக்கடி கிடைக்கும். வெயிலில் மட்டும் பார்த்து எடுத்த சாம்பல் வெள்ளை, மழை நாளில் வீட்டையே சோர்வாக்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் வெளியே போய்விட்டு உள்ளே வாருங்கள், முதல் பார்வையில் பட்டதை எழுதுங்கள். அறைக்குள்ளேயே பத்து நிமிடம் நின்றால் கண் அந்த ஒளிக்குப் பழகிவிடும், எல்லாமே வெள்ளையாகத் தெரியும்.

போனில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுக் கருத்து கேட்காதீர்கள். கேமரா வெள்ளையைத் தானாகவே சரிசெய்துவிடும். அந்தப் படத்தை வைத்து மாமா ஒன்று சொல்வார், சித்தி ஒன்று சொல்வார். இருவருமே உங்கள் சுவரைப் பார்க்கவில்லை. நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

8. மேட்டா, பளபளப்பா?

ஒரே எண், ‘மேட்’ எனப்படும் பளபளப்பில்லாத சாயத்தில் மென்மையாகவும் பளபளப்பில் பிரகாசமாகவும் தெரியும். பளபளப்பு, சுற்றியிருக்கும் நிறத்தையும் விளக்கையும் கண்ணாடிபோல் வாங்கிக்கொள்ளும். பூச்சு மேடுபள்ளமான சுவரில் அது ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். ஹாலுக்குத் துடைக்கக்கூடிய மிதமான பளபளப்பு, படுக்கையறைக்கு மேட் என்பது என் வழக்கம். மாதிரி அட்டையையும் நீங்கள் வாங்கப்போகும் அதே வகையில்தான் அடித்திருக்க வேண்டும்.

9. சிலிங், கதவு, சாமி அறை

சிலிங்குக்குப் பெரும்பாலும் டப்பாவிலிருந்து அப்படியே வரும் வெள்ளைதான் அடிப்பார்கள். அது பளீரென்று இருக்கும். அதற்குக் கீழே கிரீம் சாயல் சுவர் வந்தால் சுவர் பழையதாகத் தெரியும். சுவரின் வெள்ளையையே சிலிங்குக்கும் மேட் வகையில் அடியுங்கள், அல்லது சிலிங்கின் வெள்ளையை மாதிரி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். உயரம் குறைந்த அடுக்குமாடி வீட்டில் இரண்டுக்கும் ஒரே நிறம் அடித்தால் மேலே ஒரு கோடு விழாமல் அறை உயர்ந்ததுபோல் இருக்கும்.

வெள்ளைக் கதவுக்கும் நிலைக்கும் எண்ணெய்ச் சாயம் வேண்டாம். அது நாள்பட மஞ்சளாகும், வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் சீக்கிரம் ஆகும். தண்ணீரில் கரையும் வகைப் பளபளப்புச் சாயம் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

சாமி அறைக்கு வரும்போது என் மனம் எப்போதும் சூடான வெள்ளைக்குத்தான் போகிறது. விளக்குச் சுடரின் ஒளி 2000 கெல்வினை ஒட்டியது, வீட்டின் எந்த மின்விளக்கையும்விட மஞ்சள். குளிர்ந்த வெள்ளைச் சுவருக்கு முன் அந்தச் சுடர் ஒட்டாமல் நிற்கும். மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் புகை எல்லாம் படும் இடம் என்பதால் கழுவக்கூடிய வகையை எடுங்கள், விளக்குக்கு நேர் மேலே உள்ள சுவரை மாதம் ஒருமுறை துடையுங்கள்.

10. வாங்கும்போது

முதலில் அளவு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்து அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 480 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 60 கழித்தால் 420, அதாவது சுமார் 39 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குப் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு எட்டு லிட்டர். ஐந்து லிட்டர் டப்பா இரண்டு வாங்குங்கள். மிச்சம் பின்னால் தேவைப்படும்.

எல்லா டப்பாவையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே இயந்திரத்தில் கலக்கச் சொல்லுங்கள். ஒரு துளி வித்தியாசம் அடர்ந்த நிறத்தில் மறைந்துவிடும், வெள்ளையில் மறையாது. டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டு அடிப்பது இன்னும் நல்லது.

ஒரு கம்பெனியின் எண்ணைக் கொண்டுபோய் இன்னொரு கம்பெனியின் சாயத்தில் கலக்கச் சொல்லாதீர்கள். நிறமிகள் வேறு என்பதால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது வீட்டு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஒரே கம்பெனியிலும் சாயத்தின் வகை மாறினால் பேஸ் மாறும், வெள்ளையும் மாறும்.

11. சுவரில் ஏறும்போது

புதிதாகச் சிமெண்டு பூசிய சுவர் என்றால் நாலு வாரமாவது காயவிட்டு, சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான சீலரை அடியுங்கள். சிமெண்டின் காரம் மேலே வந்தால் வெள்ளைதான் முதலில் திட்டுத் திட்டாகும். பழைய சுவர் அடர்ந்த நிறம் என்றாலும் சீலர் வேண்டும். வெள்ளைக்கு மறைக்கும் சக்தி குறைவு, இரண்டு கோட் போதாமல் மூன்றாவதும் தேவைப்படலாம்.

முதல் கோட் ஈரமாக இருக்கும்போது யாராவது ‘ஐயோ, இது நாம எடுத்த நிறமே இல்லை’ என்பார்கள். கவலைப்படாதீர்கள், வேலையை நிறுத்தாதீர்கள். இரண்டாவது கோட் முடிந்து ஒரு நாள் முழுக்கக் காய்ந்து, திரையும் சோபாவும் பழைய இடத்துக்கு வந்த பிறகு மாதிரி அட்டையை எடுத்து வைத்துப் பாருங்கள்.

மிச்சச் சாயத்தைக் கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். காற்று குறைய இருந்தால் நாள்படத் தாங்கும். போத்தலின் மேல் எண், வகை, அறை, தேதி எழுதி ஒட்டுங்கள். அதையே ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கமும் ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்துச் சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்காதீர்கள். சுவர் அதற்குள் சற்று நிறம் மாறியிருக்கும், புதுத் திட்டு தனியாகத் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவர் முழுவதையும் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.